ஆறு பேர், நாற்பது கொண்டை ஊசி: எந்த வண்டி எடுக்கலாம்ங்க?

வணக்கமுங்க. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் பந்தயம் பார்த்து வளர்ந்தவன் நான். பத்து வருடமாக ஓட்டுவது போலோ ஜிடி, சின்ன கார். வளைவில் அது தரையைப் பிடித்து நிற்பதில் எனக்கு அவ்வளவு ஆசை. இப்போது வீட்டில் ஆறு பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி, தாழ்வான சீட்டிலிருந்து எழவே சிரமப்படுகிறார். சரி, மாற்றத்தான் வேண்டும்.

மூன்று வரிசை சீட் உள்ள மாருதி எர்டிகா, கியா கேரன்ஸ் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். எர்டிகாவில் ஏறி இறங்க அம்மாவுக்குச் சுலபமாக இருக்கும் போலிருக்கிறது. ஆனால் கேரன்ஸ் டர்போ பெட்ரோலின் இழுவை இன்னும் மனதிலேயே நிற்கிறது. ஆழியாறு தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆறு பேரோடு ஏசியும் போட்டு எர்டிகா திணறாமல் ஏறுகிறதா? கடைசி வரிசையில் குழந்தைகளுக்கு வாந்தி வருகிறதா? அப்புறம், மூன்று வரிசையும் நிமிர்த்தினால் டிக்கியில் 200 லிட்டரை ஒட்டித்தான் இடம். அம்மாயி வீட்டுத் தேங்காய் மூட்டையை எங்கே வைக்கிறீர்கள்?

பொள்ளாச்சிப் பக்கம் இந்த வண்டிகளை வைத்திருக்கும் அண்ணன்கள் சொல்லுங்க. அம்மாவை ஒருமுறை உட்கார வைத்துப் பார்க்க விட்டாலும் பெரிய உதவிங்க.