டென்ட்ஸல் முயலா, நகலா?

வணக்கம். பிலடெல்ஃபியா பக்கம் ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில் பழைய குடைராட்டின முயல் ஒன்று வருகிறது. மரத்தில் கையால் செதுக்கியது, அந்தக் காலத்தில் பிலடெல்ஃபியாவில் குடைராட்டினம் செய்த டென்ட்ஸல் பட்டறை வேலை என்கிறார்கள். வலப்பக்கம் ஏக அலங்காரம், இடப்பக்கம் எளிமை. அமெரிக்க ராட்டினங்கள் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் வெளியே தெரிவது வலப்பக்கம்தான், அதுவரை சரி. (இங்கிலாந்து ராட்டினக் குதிரை என்றால் நேர்மாறு.) ஆனால் நகல் செய்பவனுக்கும் இது தெரியுமே!

வயிற்றடியில் கட்டைகளை ஒட்டிய இணைப்புகள் தெரிகின்றன; தட்டினால் உள்ளே கூடு மாதிரி சத்தம். ராட்டின உருவங்கள் செதுக்கப் பயன்பட்ட பாஸ்வுட் என்ற மென்மையான மரம்தானா என்று சுரண்டாமல் கண்டுபிடிக்க வழி உண்டா? மேலே பல பூச்சு பெயிண்ட். வாங்கினால் உரித்துவிடலாம் என்கிறான் தம்பி. அடியில் அசல் வண்ணம் இருந்தால் மதிப்பே போய்விடும், எனக்கு மனசு வரவில்லை. இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். ஏலம் சனிக்கிழமை.