கயிற்றில் ஏறும் பார்சலுக்கு யார் கையெழுத்துப் போடுவது?

மியன்மாரின் யாங்கூனில் மூன்று சைக்கிள்களோடு டெலிவரி தொழிலைத் தொடங்கினோம். நகரின் பெரும்பகுதியில் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை; எங்களைப் போன்ற சிறியவர்களுக்குச் சைக்கிள்தான் வண்டி. மாமா காலையில் நோட்டைப் பார்த்துப் பார்சல்களைப் பிரித்துக் கொடுப்பார். இருபத்திரண்டு பையன்கள் ஆனபோது நோட்டு போதவில்லை. ஒரே தெருவுக்கு இருவர் அடுத்தடுத்துப் போய் வந்தார்கள். 2019 இறுதியில் டெலிவரி மேலாண்மை மென்பொருள் வாங்கினோம்.

முதல் நாளே பாதி முகவரிகள் குழம்பிய எழுத்துகளாக வந்தன. அந்த அக்டோபரில்தான் மியன்மார் யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு மாறியிருந்தது. பல கடைக்காரர்களின் கைப்பேசியில் அதோடு ஒத்துப்போகாத பழைய ஜோஜி எழுத்துருவே இருந்தது. உள்ளே வரும் முகவரியை முதலில் யூனிகோடுக்கு மாற்றும் வசதியைத் தனியாகக் கேட்டுச் செய்யவைத்தோம். வாங்குவதற்கு முன்பே நம் வாடிக்கையாளர்களின் உண்மையான முகவரிகள் நூறைக் கொடுத்துச் சோதித்திருக்க வேண்டும். நீங்கள் கட்டாயம் அதைச் செய்யுங்கள்.

அடுத்து நேரக் கணக்கு. மென்பொருள் எல்லாரையும் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களாக எண்ணியது. பையன்கள் நாள் முழுதும் 'தாமதம்' என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்து மனம் நொந்தார்கள். வாகன வகையைச் சைக்கிள் என்று மாற்றியதும் அது சரியானது. நகர மையத்தின் நீளத் தெருக்களில் மேல் பிளாக், நடு பிளாக், கீழ் பிளாக் என்று பிரித்துச் சொல்வது வழக்கம். வரைபடமோ தெரு முழுவதற்கும் ஒரே புள்ளியை வைத்தது. எங்களில் மூத்தவரான ஓர் அண்ணன் இரவெல்லாம் உட்கார்ந்து, தன் நினைவிலிருந்து ஒவ்வொரு பிளாக்கையும் குறித்துக் கொடுத்தார். அந்த மென்பொருளில் விலைமதிப்புள்ளது எதுவென்று கேட்டால், அவர் குறித்த அந்தப் புள்ளிகளைத்தான் சொல்வேன்.

கையெழுத்துதான் பெரிய சிக்கல். லிப்ட் இல்லாத ஆறாம் மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா கயிற்றை இறக்குவார். அதன் முனையிலுள்ள கிளிப்பில் பார்சலை மாட்டினால் மேலே போய்விடும். கையெழுத்து இல்லாமல் டெலிவரி முடிந்ததாகச் செயலி ஏற்காது. பையன்கள் படியேறி இறங்கிக் களைத்தார்கள். விற்ற நிறுவனத்தோடு மூன்று வாரம் பேசி, கையெழுத்துக்குப் பதிலாகப் புகைப்படம் போதும் என்று மாற்றினோம். இப்போது கயிற்றில் தொங்கும் பார்சலும் மேலே தெரியும் பால்கனியும் ஒரே படத்தில் வர வேண்டும் என்பது எங்கள் விதி.

மாமா இன்னும் நோட்டு எழுதுகிறார். மின்சாரம் போகும் நாள்களில் அதைப் பார்த்துத்தான் பார்சல்களைப் பிரிக்கிறோம்.