டேப்லெட்டில் மட்டும் வீடியோ நின்று நின்று வருகிறது (300 எம்பிபிஎஸ் ஃபைபர், கோலாலம்பூர் செந்தூலில் கொண்டோ அடுக்குமாடி)

செந்தூல்வாசி:
வணக்கம். ரௌட்டர் வாசல் பக்கம், டிவி கேபினட்டுக்குள் இருக்கு. கேபிள் போட்ட டிவியில் 4கே தடையில்லாமல் ஓடுது. கடைசி அறையில் மகள் டேப்லெட்டில் பார்த்தால் 720பி கூட சுற்றிக்கிட்டே நிற்குது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் மோசம், புளூடூத் ஹெட்செட் போட்டால் இன்னும் மோசம். ஆண்ட்ராய்டு டேப்லெட், விலை குறைந்ததுதான். 500 பிளானுக்கு மாறினால் சரியாகுமா?

கம்பிக்காரன்:
மாறாதீங்க, காசு வேஸ்ட். எச்டி வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 4கே-க்கே 15 முதல் 25தான். டிவி நல்லா ஓடுதுன்னா லைன்ல குறை இல்லை. ரௌட்டருக்கும் டேப்லெட்டுக்கும் நடுவுலதான் தேடணும்.

டேப்லெட்டில் வைஃபை பெயரைத் தொட்டு விவரத்தைத் திறங்க. வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை. லிங்க் ஸ்பீடு (ரௌட்டரோட பேசும் வேகம், எம்பிபிஎஸ்) 65 அல்லது 72னு காட்டினா பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மாட்டியிருக்கு. 433னா 5 கிகாஹெர்ட்ஸ். அந்த எண்ணில் கைக்கு வர்றது ஏறக்குறைய பாதிதான். 2.4-ல் அந்தப் பாதியையும் மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடு எல்லாத்தோடயும் பங்கு போடணும். ராத்திரி எல்லாரும் வீட்டில் இருக்கும்போது என்ன மிஞ்சும்?

ஹெட்செட் விஷயத்தைச் சொன்னது நல்லதாப் போச்சு. புளூடூத்தும் 2.4-லதான் பேசுது. பல டேப்லெட்டில் ரெண்டுக்கும் ஒரே ஆண்டெனா, மாறி மாறித்தான் பேச முடியும்.

ரௌட்டர் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் திறந்து ஸ்மார்ட் கனெக்ட்டை (ரெண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் காட்டும் வசதி) அணைச்சு, 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் கொடுங்க. டேப்லெட்டில் பழைய பெயரை அழிச்சிட்டு 5-ஐ மட்டும் சேருங்க. (5 பெயரே டேப்லெட்டில் தெரியலைன்னா அது 2.4 மட்டும் உள்ள மாடலா இருக்கலாம்.) 5-ல் சேனல் (அலைவரிசைக்குள் ஒரு தடம்) 36, சேனல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். ஆட்டோவில் விட்டா சில ரௌட்டர் 52, 100 மாதிரி சேனலுக்கு ஏறிடும். அங்கே ரேடார் சிக்னல் கேட்டா ரௌட்டர் உடனே சேனலைக் காலி பண்ணணும், வீடியோ அறுந்துடும். 2.4-ல் அகலம் 20, சேனல் 1, 6, 11-ல் கூட்டம் குறைந்தது எதுவோ அது. கொண்டோவில் 40 வேண்டவே வேண்டாம்.

பிறைக்காரர்:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு. 5 சுவரைத் தாண்டும்போது 2.4-ஐ விடச் சீக்கிரம் வலு இழக்கும். கேபினட்டை விட்டு ரௌட்டரை வெளியே எடுத்து உயரத்தில் வைங்க. பிறகு வைஃபை அனலைசர் ஆப்பை ஆண்ட்ராய்டு போனில் போட்டு, கடைசி அறையில் அளந்து பாருங்க. மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலு, பூஜ்ஜியத்துக்குக் கிட்ட வர வர நல்லது) அல்லது அதைவிட நல்லா இருந்தா கவலை இல்லை. மைனஸ் 75-க்குக் கீழேன்னா செட்டிங் எதுவும் காப்பாத்தாது.

செந்தூல்வாசி:
நன்றி. 36-க்கு மாத்தினதும் ஹெட்செட்டோட நல்லா ஓடுது. ஆனா கதவைச் சாத்தினா மைனஸ் 76, திரும்பச் சுத்துது. ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி) வாங்கலாமா? இன்னொண்ணு, நல்லா ஓடும்போதும் நெட்ஃபிளிக்ஸ் மட்டும் மங்கலா இருக்கு, யூடியூப் தெளிவா இருக்கு.

பிறைக்காரர்:
விலை குறைந்த ரிப்பீட்டர் சிக்னல் வந்த அதே சேனலிலேயே திருப்பி அனுப்பும், வேகம் பாதியாகும். அதையும் சிக்னல் செத்த அறையிலேயே வைப்பாங்க, அதுக்கே ஒண்ணும் கிடைக்காது. லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் கேட்6 நெட்வொர்க் கேபிள் வாங்கி, டிரங்கிங் (கேபிளை மூடும் பிளாஸ்டிக் பட்டை) போட்டு அறை வரை இழுத்து, பழைய ரௌட்டர் இருந்தா அக்சஸ் பாயிண்ட் மோடில் (கேபிளில் வருவதை வைஃபையாக மட்டும் கொடுக்கும்) மாட்டுங்க. அதில் டிஎச்சிபி-ஐ (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைக்க மறக்காதீங்க. இல்லாட்டி ரெண்டு ரௌட்டரும் முகவரி கொடுத்து இணைப்பு குழம்பிடும். கேபிள் இழுக்க வழியே இல்லைன்னா மெஷ் (ஒண்ணோட ஒண்ணு பேசும் வைஃபை பெட்டிகள்), ரெண்டாவது பெட்டி பாதி தூரத்தில்.

கம்பிக்காரன்:
மங்கலுக்கு வைஃபை மேல பழி போடாதீங்க. டிஆர்எம் இன்ஃபோ ஆப்பில் வைட்வைன் (வீடியோ திருட்டுத் தடுப்பு) எல்3, அதாவது கீழ்மட்டம்னு காட்டினா நெட்ஃபிளிக்ஸ் அந்த டேப்லெட்டுக்கு எச்டி கொடுக்காது. எந்த ரௌட்டர் வாங்கினாலும் 480பிதான்.