4/8 லிமிட் டேபிள்ல ஒருத்தரும் ஃபோல்டு பண்ண மாட்டேங்கறாங்க, எப்படி ஆடறது?

ஆர்ட்டின்ஆஸ்:
சான் ஹோசே பக்கம் ஒரு கார்ட் ரூம்ல வெள்ளிக்கிழமை ராத்திரி 4/8 லிமிட் ஹோல்டெம் (ஆளுக்கு ரெண்டு சீட்டு, முதல் ரெண்டு ரவுண்டு 4 டாலர், கடைசி ரெண்டு ரவுண்டு 8 டாலர்னு பந்தயம் ஃபிக்ஸ்டான போக்கர்) ஆடறேன், ஆறு மாசமாச்சு. ஊர்ல ரம்மி ஆடி வளர்ந்தவன், போக்கர் இங்க வந்துதான் கத்துக்கிட்டேன், அதுவும் நோ லிமிட் (எவ்ளோ வேணா பந்தயம் கட்டற ஆட்டம்) வீடியோவா பார்த்து. என் டேபிள்ல யாரும் ஃபோல்டும் (கையை விடறது) பண்றதில்ல, ரைஸும் (பந்தயத்தை ஏத்தறது) பண்றதில்ல, சும்மா அதே காசைக் கட்டிக்கிட்டு கால் கால் கால்தான். போன வாரம் ஆஸ்-கிங், வேற வேற சூட், ரைஸ் பண்ணேன், அஞ்சு பேர் கூடவே வந்துட்டாங்க, ஸ்மால் பிளைண்ட் (சீட்டு பார்க்கறதுக்கு முன்னாடியே பாதிப் பந்தயம் கட்டறவர்) விட்டுட்டுப் போன 2 டாலரோட பாட் (நடுவுல சேர்ந்த காசு) 50. ஃப்ளாப் (மேஜைல திறக்கற முதல் மூணு பொதுச் சீட்டு) குயின்-8-3. நான் 4 போட்டேன், நாலு பேர் கால். டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு) 5, நான் 8, ரெண்டு பேர் கால். ரிவர்ல (அஞ்சாவது, கடைசி சீட்டு) ஜாக் வந்துச்சு, இவ்ளோ தூரம் வந்துட்டோமேன்னு மறுபடி 8 போட்டா ஒரு தாத்தா தொப்பியை சரி பண்ணிக்கிட்டே கால் பண்ணி 9-3-ஐ திருப்பிப் போடறாரு. வெறும் 3-ஓட ஒரு ஜோடி! அதுக்கு அவர் ஆரம்பத்துலயே 8 டாலர் கட்டிருக்காரு! பேசாம 10/20-க்கு போயிடலாமா, அங்கயாவது ரைஸுக்கு மரியாதை இருக்குமா?

பழையகட்டு:
தம்பி, 9-3-க்கு 8 டாலர் கட்டற மனுஷன் உட்கார்ந்திருக்கற டேபிளை விட்டுட்டு ஓடறேன்னு சொல்றீங்களே, அவர் பக்கத்துல ஒரு நாற்காலி எனக்கு பிடிச்சு வைங்க.

உங்க 20 டாலர் போனது அவரால இல்ல. அவர் உங்க கையில என்ன இருக்கும்னு யோசிக்கறதே கிடையாது, தன் கையைப் பார்க்கறாரு, ஒரு ஜோடி இருக்கு, கால். அவர்கிட்ட போய் மூணு ரவுண்டு பிளஃப் (கையில ஒண்ணுமில்லாம பந்தயம் கட்டி மிரட்டறது) அடிச்சா? ஒருத்தன் மட்டும் எதிர்ல இருந்தா 50 டாலர் பாட்டுக்கு 4 டாலர் பிளஃப் எப்பவாவது பலிச்சாலே லாபம்தான், ஆனா அஞ்சு பேரும் ஒரே நேரத்துல விடணும்ல. அந்த ஃப்ளாப்ல நீங்க பந்தயம் கட்டாம செக் பண்ணிருக்கணும். யாராவது 4 போட்டா பாட் 54, நீங்க கட்டறது 4, அதாவது 13.5-க்கு 1. உங்களுக்கு உதவற சீட்டு ஆஸ், கிங் சேர்த்து ஆறு, வராம போற வாய்ப்பு 6.8-க்கு 1. அதுல ரெண்டு சீட்டு வேற யாருக்காவது உதவிடும்னு கழிச்சு நாலுன்னு வச்சாலும் 10.75-க்கு 1, அப்பவும் தாராளமா கால் பண்ணலாம். டர்ன்ல 8 கேட்டா இழுபறி, நான் விட்டுடுவேன்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம்தான் சம்பாத்தியமே. டாப் ஜோடி (பொதுச் சீட்டுல பெரியதோட ஜோடி), சுமாரான கிக்கர் (ஜோடி போக கையில மிச்சமிருக்கற சீட்டு), ரிவர்ல பயந்துபோய் செக் பண்றீங்கன்னா ஒவ்வொரு தடவையும் 8 டாலரை மேஜைல விட்டுட்டு வர்றீங்க. கால் பண்றவங்களை பாதிக்கு மேல ஜெயிச்சா போதும், போட்டே ஆகணும், 3-ஓட ஒரு ஜோடியை வச்சு கால் பண்றவர்கிட்ட ரெண்டாவது பெரிய சீட்டோட ஜோடியை வச்சே கூட போடலாம். அப்புறம் சீட்டு எடுக்கறதுல, வேற சூட் ஆஸ்-ஜாக், கிங்-குயினுக்கெல்லாம் கூட்டத்துல மவுசு குறைவு, கடைசி சீட்ல உட்கார்ந்திருந்தா சின்ன ஜோடி, சூட்டட் (ரெண்டு சீட்டும் ஒரே சூட்) ஆஸ், சூட்டட் 8-9 இதுங்கதான் நல்லா ஓடும், ஏன்னா விழுந்தா அஞ்சு பேரும் காசு கொடுப்பாங்க. ஃப்ளாப்ல ஃப்ளஷ் டிரா (ஒரே சூட்ல நாலு சீட்டு, இன்னும் ஒண்ணு வரணும்) இருந்து மூணு பேர் கால் பண்ணுவாங்கன்னா நீங்களே போடுங்க, நாலுல ஒரு பங்கு காசு போட்டு 35 சதவீதம் ஜெயிக்கறீங்க.

ஆஸ் ஜோடியோட தோத்துட்டு வந்து புலம்பாதீங்க, அதையும் இப்பவே சொல்லிடறேன். எதையாவது வச்சுக்கிட்டு அஞ்சு பேர் வந்தா அது பாதி தடவைதான் ஜெயிக்கும். ஆனா நீங்க போட்ட காசு ஆறுல ஒரு பங்குதான்.

ரிவர்ராணி:
பழையகட்டு அண்ணன் சொன்னதுல பாதியைத்தான் எல்லாரும் கேட்டுக்கறாங்க, நீயா போடு போடுன்னு. இந்த மாதிரி ஆளுங்க ரைஸ் பண்ணா என்னன்றதுதான் மீதி பாதி. எங்க டேபிள்ல டீ பிளாஸ்க்கோட ஒரு அம்மா வருவாங்க, நான் பார்த்த வரைக்கும் டர்ன்ல மூணே தடவைதான் ரைஸ் பண்ணிருக்காங்க. என் கையில ஆஸ் ஜோடி, போர்டு (திறந்த பொதுச் சீட்டு) கிங்-9-4-2, பாட் 56, நான் 8 போட்டேன், அவங்க மெதுவா எண்ணி எண்ணி 16 வச்சாங்க, மத்தவங்க எல்லாம் விட்டாச்சு. இப்ப 80 டாலர் பாட்டுக்கு இன்னும் 8. கிங்-9 வச்சிருந்தா எனக்கு எட்டு சீட்டு இருக்கு, ஆஸ் ரெண்டு, 4 மூணு, 2 மூணு, 4.5-க்கு 1, கால் பண்ணலாம். செட்டா (கைஜோடியோட அதே சீட்டு போர்டுல ஒண்ணு, மொத்தம் மூணு) இருந்தா ரெண்டே சீட்டு. அதனால டர்ன்ல கால் பண்ணேன், ரிவர்ல 7 வந்துச்சு, அவங்க போட்டாங்க, விட்டுட்டேன்.

பழையகட்டு:
96 டாலர் பாட்டுக்கு 8 டாலர் ஃபோல்டா? 13 தடவையில ஒரே ஒரு தடவை அவங்க கிங்-குயினோட வந்திருந்தாலே கணக்கு சரியா போயிடுமே ராணி.

ரிவர்ராணி:
அண்ணே நீங்க அந்த அம்மாவைப் பார்த்ததில்ல.

குப்பைக்கை:
ஒரு டவுட்டு, 2015-லயே ஆல்பர்ட்டா யூனிவர்சிட்டி ஆளுங்க செஃபியஸ்னு ஒரு ப்ரோகிராம் எழுதி லிமிட் ஹோல்டெமுக்கு விடையே கண்டுபிடிச்சுட்டாங்களே, அது சொல்றபடி ஆடினா போதாதா?

பழையகட்டு:
அது ரெண்டு பேர் மட்டும் ஆடற ஆட்டம். யார் எதிர்ல உட்கார்ந்தாலும் தோக்காம இருக்கறது எப்படின்னு கண்டுபிடிச்சாங்க, 9-3 தாத்தாகிட்ட எப்படி அதிகமா கறக்கறதுன்னு இல்ல. தோக்கக் கூடாதுன்னா அது இடைக்கிடை பிளஃப் பண்ணியே ஆகணும், உங்க டேபிள்ல அந்த பிளஃப் எல்லாம் வீண். 2003-ல மணிமேக்கர்னு ஒரு சாதாரண ஆள் போக்கரோட வேர்ல்டு சீரிஸை (நோ லிமிட் ஆட்டம்) ஜெயிச்சதுக்கப்புறம் கூட்டம் மொத்தமும் நோ லிமிட் பக்கம் போயிடுச்சு, லிமிட்டுக்கு புதுசா வீடியோ போட ஆள் இல்ல, அதனாலதான் பசங்க நோ லிமிட் பார்த்துட்டு இங்க வந்து பிளஃப் அடிக்கறாங்க.

ஆர்ட்டின்ஆஸ்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நேத்து போயிட்டு வந்தேன், ஒரு பிளஃப் கூட அடிக்கல, நாலு மணி நேரத்துல ஆஸ் ஜோடி ரெண்டு தடவை வந்துச்சு, ஒண்ணு போச்சு ஒண்ணு வந்துச்சு, கடைசில 31 டாலர் மேல, டிப்ஸ் போக. அந்த தாத்தா என் ரெண்டாவது ஜோடிக்கு ரிவர்ல கால் பண்ணாரு, சிரிப்பை அடக்க முடியல. இன்னொரு கேள்வி, ஸ்மால் பிளைண்ட்ல ஏற்கனவே 2 போட்டாச்சு, அஞ்சு பேர் சும்மா கால் பண்ணி வந்திருக்காங்க, பிக் பிளைண்டும் (முன்னாடியே முழு 4 கட்டினவர்) ரைஸ் பண்ற ஆள் இல்ல, ஜாக்-4 சூட்டட் வச்சு இன்னொரு 2 போடலாமா?

ரிவர்ராணி:
2 டாலருக்கு 26 டாலர் பாட், போடுங்க. ஃப்ளாப்ல ஜாக் மட்டும் விழுந்துச்சுன்னா அதை டாப் ஜோடின்னு கட்டிப்பிடிச்சுக்கிட்டு ரிவர் வரைக்கும் போயிடாதீங்க.