ஸ்கேனர்ல ஒண்ணும் கேக்க மாட்டேங்கு, எங்க திருப்பினாலும் எஃப்எம் பாட்டுதான் – உதவி வேணும்

மீனாட்சிபுரம்_மாடி:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஜங்ஷன் ஸ்டேஷன் பக்கம், தண்டவாளத்திலேர்ந்து 150 மீட்டர் தள்ளி வீடு. ரயில்வே போலீஸ் வயர்லெஸ்ல பேசுறதைக் கேக்கலாம்னு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டரையே ரேடியோ ஸ்கேனராக்குற யூஎஸ்பி சாமான்) வாங்கி மாட்டியிருக்கேன். ராத்திரி வண்டியில வர்றவங்களுக்கு ஏதும்னா முன்னாலேயே தெரிஞ்சுக்கிடலாம்லா, அதுக்குத்தான்.

சாமான் இதுதான்: நீலக் கலர் டாங்கிள், உள்ளே ட்யூனர் ஆர்820டி2 சிப். கூட வந்த காந்த ஆன்டெனா மொட்டைமாடியில. அங்கேயிருந்து கீழே 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். விண்டோஸ் 10, கேக்கிற மென்பொருள் எஸ்டிஆர்-ஷார்ப். டிரைவர் ஸாடிக்ங்கிற செயலி வச்சுப் போட்டாச்சு. கெயின், அதாவது சிக்னலைப் பெருக்குற அளவு, 49.6 டெசிபல்ல, முழுசா ஏத்தி வச்சிருக்கேன்.

கோளாறு மூணு. 140 மெகாஹெர்ட்ஸுக்கு மேல எங்க திருப்பினாலும் எஃப்எம் பாட்டு கேக்கு. ரயில் போறப்ப கரகரன்னு இரைச்சல், போகாதப்பவும் ஒரு ரீங்காரம் விடாம இருக்கு. சோதிச்சுப் பாக்க சர்வதேச விண்வெளி நிலையத்தோட 145.800 மெகாஹெர்ட்ஸை வச்சேன், சிக்னல் 145.809ல ஆரம்பிச்சு, போகப் போக இறங்கி 145.802ல முடிஞ்சுது. டாங்கிளே கோளாறா?

பேட்டை_ஆன்டெனா:

டாங்கிள் நல்லாத்தான் இருக்கு தம்பி. அதுக்கு முன்னால ஒரு விஷயம். போலீஸ் அலைவரிசையை விட்டுருங்க. தொலைத்தொடர்புச் சட்டம் 2023ல 42ஆம் பிரிவு இருக்கு; ஒரு செய்தியைச் சட்டவிரோதமா இடைமறிச்சா 3 வருஷம் வரை சிறை, இல்ல 2 கோடி ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். அந்தப் பிரிவு 2024 ஜூன் 26லேர்ந்து நடப்புல இருக்கு. வயர்லெஸ் கருவி வச்சிருக்கவே உரிமம் வேணும்ங்கிறது 1933ஆம் வருஷச் சட்டத்திலேர்ந்து வர்ற வழக்கம். அதனால போலீஸ் அலைவரிசை எண்ணை இங்க யாரும் கேக்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம். மறையாக்கம் செஞ்ச டிஜிட்டல் பேச்சா இருந்தா எந்த ஸ்கேனர்லயும் வெறும் இரைச்சல்தான் வரும், அதையும் தெரிஞ்சுக்கிடுங்க.

வண்டியில வர்றவங்களைப் பத்தின கவலைக்கு ரயில்வே உதவி எண் 139 இருக்கு. வண்டி எங்க நிக்குன்னும் சொல்லுவாங்க, பாதுகாப்புப் புகாரும் அதே எண்தான். பழைய 182ஐ இதோட சேத்தாச்சு. ரயில்வே போலீஸ் மாநிலக் காவல்துறையைச் சேர்ந்தது, அவங்களுக்கு 1512. ஆர்பிஎஃப், அதாவது ரயில்வே பாதுகாப்புப் படை, மத்திய ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழ. வண்டிக்குள்ளே இருக்கிறவங்களே கூப்பிட்டாத்தான் கோச் எண், பெர்த் எண் சொல்ல முடியும். வீட்டுல உக்காந்து வயர்லெஸ் கேக்கிறதைவிட அதுதான் காரியத்துக்கு ஆகும்.

டாங்கிளுக்கு வேற நல்ல வேலை இருக்கு. முதல்ல இந்த மூணு கோளாறையும் தீப்போம்.

பாளை_வியூ3:

பாட்டுக்குக் காரணம் கெயின். இந்த டாங்கிள் 8 பிட். அதாவது 256 படிதான். ஊருக்குள்ளே எஃப்எம் சிக்னல் அவ்வளவு பலமா வர்றப்ப முன்பகுதி திணறிப்போயி, இல்லாத இடத்துலெல்லாம் பாட்டு முளைக்கும். மெல்லிசான சிக்னல் அதுக்கடியில மூழ்கிரும். கெயின் ஏத்தினா நல்லா கேக்கும்னு எல்லாரும் நினைக்கிறது இங்கதான் தப்பாகுது.

எஸ்டிஆர்-ஷார்ப்ல பல் சக்கரத்தை அமுக்கி, ட்யூனர் ஏஜிசி, ஆர்டிஎல் ஏஜிசி (கெயினைத் தானா கூட்டிக் குறைக்கிறது) ரெண்டு டிக்கையும் எடுங்க. கெயினை 0க்குக் கொண்டாங்க. ஆன்டெனாவைக் கழட்டிட்டு அடித்தரை இரைச்சல் எந்த அளவுல நிக்குன்னு பாத்துக்கிடுங்க. திரும்ப மாட்டி ஒவ்வொரு படியா ஏத்துங்க. ஆன்டெனா மாட்டினதும் அந்தத் தரை 3, 4 டெசிபல் உயருற படி வந்ததும் நிறுத்திருங்க. அதுக்கு மேல ஏத்துறது இரைச்சலைத்தான் பெருசாக்கும். ஊருக்குள்ளே பெரும்பாலும் 20லேர்ந்து 33க்குள்ள முடிஞ்சிரும்.

நெஜ சிக்னலா பொய் சிக்னலான்னு தெரியணும்னா கெயினை 10 டெசிபல் குறைச்சுப் பாருங்க. நெஜமானது சுமார் 10 இறங்கும். திணறலால வந்தது 20, 30ன்னு சரிஞ்சு காணாமலே போயிரும்.

கொக்கிரகுளம்_சால்டரிங்:

கேபிளை மாத்துங்க. ஆர்ஜி-58ல 145 மெகாஹெர்ட்ஸ்ல 100 மீட்டருக்கு சுமார் 20 டெசிபல் போயிரும். உங்க 15 மீட்டர்ல 3 டெசிபல், பாதி சிக்னல் அங்கேயே காலி. டிஷ்ஷுக்குப் போடுற ஆர்ஜி-6 எடுத்தா அதே நீளத்துக்கு ஒண்ணரை டெசிபல்கூட ஆகாது. 75 ஓம், டாங்கிள் 50 ஓம்னு பயப்பட வேண்டாம், அந்தப் பொருத்தமின்மையால போறது 0.2 டெசிபல்தான். எஃப் கனெக்டர் போட்டு, டாங்கிள் முனைக்கு ஏத்த அடாப்டர் ஒண்ணு வாங்கிக்கிடுங்க. நீல டாங்கிள்ல இருக்கிறது எம்சிஎக்ஸ்ங்கிற சின்னத் துளை. கனமான கேபிளை நேரா தொங்கவிட்டா அது பிடுங்கிட்டு வந்துரும், நடுவுல அரை அடி மெல்லிசு கேபிள் வைங்க.

ஒரே ஒரு எஃப்எம் ஸ்டேஷன்தான் மிரட்டுதுன்னா வடிகட்டி கையிலேயே செய்யலாம். டி கனெக்டர்ல (மூணு முனை இருக்கிறது) ஆர்ஜி-6 துண்டு ஒண்ணை மாட்டி, மறுமுனையைத் திறந்தே விடணும். நீளம்: 300ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்து, வந்ததை 4ஆல வகுத்து, 0.83ஆல பெருக்கணும். 93.5க்கு 66.6 சென்டிமீட்டர். முதல்ல 70 வெட்டி மாட்டி, அந்த ஸ்டேஷனைத் திரையில பாத்துக்கிட்டே அரை அரை சென்டிமீட்டரா நறுக்குங்க. ஒரு இடத்துல டக்குன்னு விழும். 145ல இதனால போறது ஒரு டெசிபலுக்கும் குறைவு.

டி கனெக்டர்னா நெஜ டி. கேபிள் டிவி ஸ்ப்ளிட்டரைப் போட்டா வேலை செய்யாது, அது ஒரு பக்கத்தை மறுபக்கத்திலேர்ந்து பிரிச்சு வச்சிரும். ரெண்டு மூணு ஸ்டேஷன் சேர்ந்து மிரட்டினா 88-108 முழுக்கத் தடுக்கிற ரெடிமேட் வடிகட்டிதான் சரி.

மீனாட்சிபுரம்_மாடி:

139 விவரத்துக்கு நன்றி அண்ணாச்சி, போலீஸ் பக்கம் இனி போகல. ஏஜிசி எடுத்து, கெயின் 28.0ல நிறுத்தினேன். பாட்டு போயிட்டு. கேபிளும் மாத்தியாச்சு. ரீங்காரம் மட்டும் அப்படியே இருக்கு. ரெண்டு நாளா காத்து பலம், அதுலேர்ந்து கூடிட்டு.

பேட்டை_ஆன்டெனா:

ரெண்டு இரைச்சலையும் பிரிச்சுப் பாக்கணும். ரயில் போறப்ப மட்டும் வெடிக்கிற கரகர, என்ஜின் மேல இருக்கிற பேன்டோகிராஃப் 25,000 வோல்ட் கம்பியில உரசி விடுற தீப்பொறி. சில நொடியில போயிரும், அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது.

விடாம இருக்கிறதுக்கு ஏஎம் மோடுல வச்சு, ஒலியை ஏதாவது ஆடியோ செயலியில பதிஞ்சு அலைவடிவத்தைப் பாருங்க. 10 மில்லி செகண்டுக்கு ஒரு கொத்தா, செகண்டுக்கு 100 தடவை வருதுன்னா அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துல பிறந்தது. அப்புறம் வீட்டு மெயினை அணைச்சு, லேப்டாப்பை பேட்டரியில ஓட்டிப் பாருங்க. இரைச்சல் நின்னா குற்றவாளி வீட்டுக்குள்ளே: எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர். இன்வெர்ட்டரையும் அணைக்கணும், நிறைய பேர் அதை மறந்துட்டு வெளியில தேடுவாங்க. ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தாத் தெரிஞ்சிரும்.

நிக்கலைன்னா வெளிக் கம்பி. ஆனி, ஆடிக் காத்துல தளர்ந்த கிளாம்ப், பழைய பீங்கான் பிடிமானம் இதுகள்ல சின்ன இடைவெளி விழுந்து அங்க பொறி தாவும். காத்துல கூடும், ஒரு மழை பெஞ்சா ஈரம் இடைவெளியை மூடி நின்னுரும். உங்க கதை இதுவாத்தான் தெரியுது. கையில பேட்டரி ரேடியோ வச்சு, தெருவோட நடந்து எந்தக் கம்பத்துகிட்ட கூடுதுன்னு பாத்து, கம்ப எண்ணோட மின்வாரியத்துல சொல்லுங்க. கம்பத்தைத் தட்டிப் பாக்கவே கூடாது. ரயில்வே கம்பம்னா ஸ்டேஷன்ல எழுதிக் கொடுங்க. தண்டவாள ஓரம் நடந்து தேட வேண்டாம். அத்துமீறி நுழைஞ்சா ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவு. அதைவிட, அந்த 25,000 வோல்ட் கம்பிக்கு 2 மீட்டருக்குள்ள கம்பியோ ஆன்டெனாக் குழாயோ போனா தொடாமலே ஆளைக் கொல்லும்.

பாளை_வியூ3:

மூணாவது கோளாறுல பாதி கோளாறே இல்ல. 809லேர்ந்து 802க்கு 7 கிலோஹெர்ட்ஸ் இறங்கினது டாப்ளர், அதாவது வேகமா நகர்றதால அலைவரிசை மாறித் தெரியுறது. விண்வெளி நிலையம் நம்மை நோக்கி வர்றப்ப 3.4 கிலோஹெர்ட்ஸ் வரை மேல, விலகிப் போறப்ப அதே அளவு கீழ. நடுவுல, கிட்டக்க வர்ற நொடியில சரியா 145.800 இருக்கணும். உங்க நடு எண் 145.8055. அப்ப 5.5 கிலோஹெர்ட்ஸ் பிழை, 145.8ஆல வகுத்தா 38 பிபிஎம் (பத்து லட்சத்துல 38 பங்கு). மலிவு கிரிஸ்டல் அப்படித்தான். எஸ்டிஆர்-ஷார்ப்ல அலைவரிசைத் திருத்தத்துல 38ஐ ஒரு தடவை கூட்டலா, ஒரு தடவை கழித்தலா போட்டுப் பாருங்க, எது சரியாக்குதோ அது. 20 நிமிஷம் ஓடிச் சூடேறின பிறகு செய்யணும், இல்லைன்னா திரும்ப நகரும். யூஎஸ்பி 3 துளையில நேரா குத்தாம ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போடுங்க, லேப்டாப் இரைச்சலும் சூடும் ரெண்டும் குறையும்.

இனிமே மீட்டியார் எம் 2-4 பிடிங்க. ரஷ்ய வானிலைச் செயற்கைக்கோள், 137.900 மெகாஹெர்ட்ஸ். மேகப் படமே கையில வரும், யார் வேணும்னாலும் வாங்கிக்கிடத்தான் அனுப்புதாங்க. பழைய குறிப்புகள்ல நோவா 15, 18, 19ன்னு அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் போட்டிருக்கும். மூணும் 2025ல நின்னுட்டு, தேடி நேரத்தைப் போக்க வேண்டாம்.

ஆன்டெனாவுக்கு 53.4 சென்டிமீட்டர்ல ரெண்டு அலுமினியக் கம்பி, நடுவுல எலக்ட்ரிக்கல் கனெக்டர், பிவிசி பைப்பு. ரெண்டு கம்பியும் 120 டிகிரியில விரிஞ்சு தரைக்கு இணையா படுத்திருக்கணும், வி-யோட வாய் வடக்கையோ தெற்கையோ பாக்கணும். கேபிளோட நடுக்கம்பி ஒண்ணுல, அதைச் சுத்தியிருக்கிற பின்னல் மத்ததுல. சிக்னலைப் படமாக்குற மென்பொருள் சாட்டம்ப் (SatDump). செயற்கைக்கோள் ஒரு தடவை தலைக்கு மேல கடந்து போக 10லேர்ந்து 15 நிமிஷம். அடிவானத்திலேர்ந்து 40 டிகிரிக்கு மேல எழும்புறதா பாத்துத் தேர்ந்தெடுங்க.

மீனாட்சிபுரம்_மாடி:

கம்பி வாங்கியாச்சு. இதை மாடியிலேயே நிரந்தரமா விட்டுரலாமா?

கொக்கிரகுளம்_சால்டரிங்:

விடலாம், ரெண்டு கட்டுப்பாட்டோட. குழாய் சாய்ஞ்சாலும் ஈபி கம்பியைத் தொடாத தூரத்துல நிக்கணும்: குழாய் 3 மீட்டர்னா கம்பியிலேர்ந்து நாலரை மீட்டராவது. ஆடிக் காத்துக்கு மூணு பக்கம் நைலான் கயிறு கட்டுங்க. ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்கு, வானம் இருட்டுறதுக்கு முன்னாலேயே கேபிளைக் கழட்டி முனையை வீட்டுக்கு வெளியே போட்டுருங்க. மாடியில இருக்கிற இணைப்புல சைக்கிள் ட்யூப் ரப்பரை இறுக்கிச் சுத்தி டேப் போடுங்க. ஒரு மழைத்தண்ணி ஆர்ஜி-6 பின்னலுக்குள்ள இறங்கிட்டா அந்த கேபிளை வெட்டி எறியத்தான் வேணும், காயவச்சுத் தேறாது.