80 ஜிபி காலி இடம் இருந்தும் லினக்ஸ் மிண்ட் ஏறவில்லை: டைனமிக் டிஸ்க்காக மாற்றலாமா?

மலைத்தோட்டம் (ஏற்காடு):
வணக்கம். 2012-ல் வாங்கிய லேப்டாப், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காப்பி, மிளகு, ஆள் கூலிக் கணக்கு எல்லாம் இதில்தான். மகள் படிப்புக்கு லினக்ஸ் மிண்ட் (விண்டோஸ் போல இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) வேண்டும் என்கிறாள். சி டிரைவைச் சுருக்கி 80 ஜிபி காலி செய்தேன். மிண்ட் இன்ஸ்டாலர் அந்த இடத்தை 'அன்யூசபிள்' என்கிறது. விண்டோஸிலேயே அங்கே புது வால்யூம் போடப் பார்த்தால், டிஸ்க்கை டைனமிக்காக மாற்றவா என்று கேட்கிறது. வரிசை இப்படி: சிஸ்டம், சி, காலி இடம், டி, ரெக்கவரி. 'எஸ்' கொடுக்கலாமா?

சூரமங்கலம்:
தயவுசெய்து கொடுக்காதீர்கள் சார். உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதில் பிரைமரி பார்ட்டிஷன் (முதன்மைப் பிரிவு) நாலுதான் போட முடியும். உங்களுக்கு நாலும் தீர்ந்துவிட்டது, அதனால்தான் இடம் இருந்தும் ஐந்தாவதை ஏற்கவில்லை. டைனமிக் என்பது விண்டோஸின் தனி முறை, அதற்கு மாற்றிவிட்டால் மிண்ட் ஏற்றுவது இன்னும் சிக்கல். விண்டோஸ் கருவியிலேயே திரும்பி வர வேண்டுமானால் எல்லா வால்யூமையும் அழிக்க வேண்டும்.

என் யோசனை, ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றுவது. அதில் 128 பார்ட்டிஷன் வரை போடலாம். விண்டோஸ் 10-ல் 2017-லிருந்தே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. ஆனால் அது மூன்று பிரைமரிக்கு மேல் இருந்தால் மாற்றாது. டி-யில் இருப்பதை வெளியே எடுத்து, டி-யை அழித்துவிட்டு, முதலில் அதில் வேலிடேட் (எதையும் மாற்றாத சோதனை) மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

அஸ்தம்பட்டி:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆக யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த, மெஷினைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) கட்டாயம். 2012 லேப்டாப்பில் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லாத மெஷினில் மாற்றிவிட்டால் அடுத்த முறை விண்டோஸ் பூட்டே ஆகாது. கூலி போடுகிற வாரத்தில் அப்படி ஆனால் இவர் யாரிடம் ஓடுவார்?

டி-யைக் காப்பி எடுத்து அழித்த பிறகு, அந்த இடத்தையும் பக்கத்திலுள்ள 80 ஜிபியையும் சேர்த்து ஒரே எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (உள்ளே பல பிரிவுகள் போடக்கூடிய ஒன்று) ஆக்குங்கள். அதற்குள் லாஜிக்கலாக (உட்பிரிவாக) டி ஒன்று, மிண்ட் ஒன்று, ஸ்வாப் (ரேம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம்) ஒன்று. லாஜிக்கலில் இருந்தும் லினக்ஸ் நன்றாகவே பூட் ஆகும். இதை மட்டும் மிண்ட் லைவ் யூஎஸ்பியில் (ஏற்றாமலே மிண்டை ஓட்டும் பென் டிரைவ்) ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியில் செய்யுங்கள். விண்டோஸ் கருவியும் நாலாவதை எக்ஸ்டெண்டடுக்குள் லாஜிக்கலாகத்தான் போடும், ஆனால் இங்கே டி, மிண்ட், ஸ்வாப் மூன்றையும் ஒரே இடத்தில் முடிக்கலாம்.

சூரமங்கலம்:
அண்ணா, யூஇஎஃப்ஐ இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும், அது என் தவறுதான். ஆனால் இருந்தால் ஜிபிடிதான் நல்லது. எம்பிஆரில் இரண்டு சிஸ்டத்துக்கும் பூட் கோட் ஒரே முதல் செக்டாரில் உட்காருகிறது. விண்டோஸின் பூட்டை ரிப்பேர் செய்தால் குரப் (எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் லினக்ஸ் பூட் மெனு) அழிந்துபோகும். யூஇஎஃப்ஐயில் இரண்டுக்கும் தனித்தனி ஃபோல்டர். விண்டோஸில் 'பயாஸ் மோட்: லெகஸி' (பழைய முறை) என்று காட்டினால், இப்போது எப்படிப் பூட் ஆனது என்றுதான் அர்த்தம், யூஇஎஃப்ஐ இல்லை என்று அல்ல. செட்டப்புக்குள் போய்ப் பூட் மெனுவைப் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை:
இரண்டு பேரும் கரன்டை மறந்துவிட்டீர்கள். போன மே மாதம் மலையில் ஒரு வீட்டில் ஜிபார்ட்டடில் 200 ஜிபி பார்ட்டிஷனை இடதுபக்கம் நகர்த்தினேன். சுருக்குவது வேறு, நகர்த்துவது வேறு. நகர்த்தும்போது உள்ளே இருப்பது அத்தனையும் இடம் மாறி எழுதப்படும், மணிக்கணக்கில் ஓடும். லேப்டாப் பேட்டரி செத்தது. இடியோடு மழை பிடித்தது, விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது, திரை கறுத்துவிட்டது. பாதி பழைய இடத்தில், பாதி புது இடத்தில். அந்த வீட்டுக் கல்யாண போட்டோக்களில் பெரும்பாலானவை திரும்பவே இல்லை. இன்றைக்கும் அவர்கள் வீட்டு வழியாகப் போகச் சங்கடமாக இருக்கிறது.

டி-யைக் காப்பி எடுத்ததோடு விடாமல், வேறு கம்ப்யூட்டரில் நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். என்னைக் கேட்டால் மிண்டைத் தனி எஸ்எஸ்டியில் போடுங்கள், கணக்கு டிஸ்க்கைத் தொடவே வேண்டாம்.

அஸ்தம்பட்டி:
காப்பி பற்றிச் சொன்னது நூறு சதவீதம் சரி. ஆனால் நாம் எதையும் நகர்த்தவில்லையே. அழித்துப் புதிதாகப் போடுகிறோம், அது சில நிமிட வேலை. தனி டிஸ்க்குக்கு லேப்டாப்பில் இடம் எங்கே? யூஎஸ்பியில் தொங்கவிட்டால் மகள் பையில் போட்டு எடுத்துப்போகும்போதே கழன்றுவிடும்.

மலைத்தோட்டம்:
மூன்று பேருக்கும் நன்றி. செட்டப்பில் பார்த்தேன், யூஇஎஃப்ஐ என்ற சொல்லே இல்லை. அதனால் எக்ஸ்டெண்டட் வழிதான். கணக்கை வெளி டிஸ்க்கில் எடுத்து, சேலத்தில் மச்சான் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகுதான் டி-யை அழித்தேன். மிண்ட் ஏறிவிட்டது, கணக்கையும் டி-யில் திரும்பப் போட்டாயிற்று. ஆனால் மிண்டில் திறந்தால் டி-யில் எதையும் சேமிக்க முடியவில்லை, ரீட் ஒன்லி என்கிறது.

சூரமங்கலம்:
விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருக்கும் சார். அது முழுசாக அணையாமல் பாதித் தூக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கும். பவர் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்திவிட்டு, ஒருமுறை ஷட் டவுன் செய்து மிண்டுக்கு வாருங்கள். விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இன்டர்நெட் வேலையெல்லாம் மிண்டில் நடக்கட்டும், விண்டோஸைக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைத்தோட்டம்:
நிறுத்தினேன், டி-யில் எழுதுகிறது. மகள் உட்கார்ந்துவிட்டாள்.