பழைய ஐரிஷ் வினையின் இரட்டை விகுதி: மரபுவழி வந்ததா, இடைச்சொல் விட்டுச் சென்ற தடமா?

ஓலைவாசி:
செல்டிக் மொழிகளுள் ஒன்றான பழைய ஐரிஷில் வினை தொடரின் தலையில் நின்றால் ஒரு விகுதியையும், எதிர்மறைச் சொல்லோ முன்னொட்டோ முன்வந்தால் வேறொரு விகுதியையும் பெறுகிறது. 'பெரித்' என்றால் சுமக்கிறான்; 'நீ பெர்' என்றால் சுமக்கவில்லை. இந்த இரட்டை வழக்கு இந்தோ-ஐரோப்பிய மூலமொழியிலிருந்தே வந்தது என்று மொழியியலாளர் வொல்ஃப்காங் மைட் 1963-இல் வாதிட்டார். சமஸ்கிருதத்தில் அதே வினையின் நிகழ்காலப் 'பரதி' இகரத்தில் முடிய, இறந்தகால 'அபரத்' இகரமின்றி முடிகிறது. 'பெரித்' முதல் வகை விகுதியிலிருந்தும் 'பெர்' இரண்டாம் வகையிலிருந்தும் வந்தவை என்பதே எனக்கு நேரான விளக்கமாகத் தோன்றுகிறது.

கல்லெழுத்து:
இதைக் கல்வெட்டுச் சான்று மறுக்கிறது. ஸ்பெயினில் சரகோசாவுக்கு அருகே பொத்தோரிட்டாவில் 1970-இல் கிடைத்த, ஐரிஷுக்கு உறவான பண்டைச் செல்டிக் மொழியாகிய செல்டிபீரியத்தில் எழுதப்பட்ட வெண்கலப் பட்டயத்தில் 'அம்பிதிசேதி', 'ரோபிசேதி' என்னும் வினைகள் உள்ளன. இரண்டும் முன்னொட்டுப் பெற்றவை. ஆயினும் இரண்டும் '-தி' என்றே முடிகின்றன. மைட் கூறுவது சரியாயின் இவை இகரத்தை இழந்திருக்க வேண்டும். எனவே இந்தப் பிரிவு பிரித்தானிய, அயர்லாந்துத் தீவுகளில் பின்னர் உண்டானது. மொழியியலாளர் வாரன் கௌகில் 1975-இல் தந்த விளக்கமே பொருந்துகிறது: தொடரின் முதல் உறுப்பை அடுத்து ஓர் இடைச்சொல் ஒட்டி நின்றது, வினையே முதலில் வந்தபோது அதன் ஈற்று இகரத்தை அந்த ஒட்டு காத்தது, முன்னொட்டு வந்தபோது இடைச்சொல் அதனோடு போய்விட, வினையின் இகரம் காப்பின்றி உதிர்ந்தது.

வடகரை:
இகரம் பின்னர் உதிர்ந்தது என்பதை ஏற்கிறேன். யாரும் காணாத இடைச்சொல்லை ஏற்க முடியவில்லை. 'பெர்தி' என்றால் 'அதைச் சுமக்கிறான்'. இங்கே வினையின் பின் ஒட்டிய சுட்டுப்பெயரே இகரத்தைக் காத்திருக்கிறது. அத்தகைய வடிவங்களிலிருந்து 'பெரித்' ஒப்புமையால் பரவியிருக்கலாமே.

கல்லெழுத்து:
அந்த விளக்கம் ஈற்றுக்கு மட்டுமே உதவும். முதலெழுத்துக்கு என்ன சொல்வீர்கள்? 'தொ பெர்' என்றால் தருகிறான், 'நீ தவர்' என்றால் தரவில்லை. வேரும் முன்னொட்டும் ஒன்றே. உயிர்களுக்கிடையே பகரம் மெலிந்து வகரமாவது இம்மொழியின் இயல்பு. 'தவர்' அப்படியே ஆயிற்று. 'தொ' உயிரில் முடிந்தும் அடுத்த பகரம் மெலியவில்லை என்றால், நடுவில் மெய்யில் முடிந்த ஏதோ ஒன்று நின்றிருக்க வேண்டும்.

வடகரை:
'தொ' அழுத்தமற்றது, அழுத்தம் 'பெர்' மீது விழுகிறது. அந்த எல்லையே மெலிவைத் தடுத்திருக்கலாம்.

கல்லெழுத்து:
எல்லை தடையாக இருந்தால் எங்கும் தடுக்க வேண்டும். ஆனால் 'தருகிற' என்னும் பெயரெச்சப் பொருளில் அதே 'தொ'வுக்குப் பின் பகரம் மெலிகிறது. தகர, ககர முதல் வினைகளில் இம்மெலிவு ஏட்டிலேயே எழுதிக் காட்டப்பட்டிருக்கிறது. அங்கே நின்றது பெயரெச்சப் பொருள் தரும், உயிரில் முடியும் 'யோ'; அதைப் பிரான்சின் அலீஸ்-சேந்த்-ரெய்ன் கல்வெட்டில், பண்டைச் செல்டிக் மொழியாகிய கோலியத்தின் வினையான 'துகியோந்தியோ'வில் கண்ணாலேயே காணலாம்.

வடகரை:
பெயரெச்சச் சான்றுக்கு என்னிடம் மறுமொழி இல்லை; எல்லை வாதத்தைக் கைவிடுகிறேன். ஆனால் 'யோ' கல்லில் இருக்கிறது, உங்கள் இடைச்சொல் இல்லை. கௌகில் அதைச் சகர ஈறாக மீட்டுருவாக்கினார். மொழியியலாளர் பீட்டர் ஸ்ஹ்ரைவர் அது 'எதி', அதன் இகரம் உதிர்ந்தது என்றார். உறவு மொழியான வெல்ஷும் இதைத் தீர்த்து வைக்கவில்லை. 'செல்வம் அழியும், புகழ் அழியாது' என்னும் பழமொழியில் உடன்பாட்டு வினை 'திரெங்கித்', எதிர்மறை 'நி த்ரெய்ங்க்' என இரட்டை வழக்கு அங்கும் தெரிகிறது. அந்த 'நி' தகரத்தை மெய்க்குப் பின் வந்தது போல உரசொலியாக்குகிறது, 'க்வெலாவ்' (காண்கிறேன்) என்பதையோ உயிருக்குப் பின் வந்தது போல 'நி வெலாவ்' ஆக்குகிறது. இந்த முரணை விளக்காத வரை, ஒரு மெய் நின்றது என்பதை ஏற்பேன். அது எந்த மெய் என்பதை ஏற்க மாட்டேன்.